பணம் எந்தக் காட்டுக்குப் போகிறது?

முதல் தடவை ஒரு தொண்டு அமைப்புக்கு, "காட்டுயிர் பாதுகாப்புக்கு" என்று மட்டும் எழுதி நன்கொடைப் பணம் அனுப்பினேன். அது அவர்களுடைய பொது நிதியில் கலந்துவிட்டது, தப்பு என்னுடையதுதான். இப்போது திட்டத்தின் பெயரைச் சொல்லி, அதற்கே செலவாகும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன்.

காட்டுயிர் ஆராய்ச்சிக்குத் தருவதென்றால், அங்கே எது குறைகிறது என்று கேளுங்கள். காட்டில் கட்டிவைத்தால் விலங்கு கடக்கும்போது தானே படமெடுக்கும் தானியங்கி கேமரா வாங்கித்தர ஆள் கிடைக்கும். பேட்டரிக்கும் மெமரி கார்டுக்கும் கிடைக்காது. வெயிலில் புல் அசைந்தாலே படமாக எடுத்துத் தள்ளும் கருவி அது. அந்த வெற்றுப் படங்களை உட்கார்ந்து பிரிப்பவருக்குச் சம்பளம் வேண்டாமா?

நிலம் வாங்கும் திட்டமா? பத்திரம் யார் பெயரில், பிற்பாடு விற்க முடியுமா, காவலுக்குத் தனி நிதி உண்டா என்று பாருங்கள். 1989இல் தொடங்கிய வேர்ல்டு லேண்ட் டிரஸ்ட் என்ற பிரிட்டிஷ் தொண்டு அமைப்பு, அந்தந்த நாட்டு அமைப்புகள் நிலம் வாங்கப் பணம் தருகிறது. எனக்குப் பிடித்த முறை அது.

அப்புறம், ரசீதிலும் திட்டத்தின் பெயர் வர வேண்டும்.