மேல்நோக்கி ஓடாதீர்கள்: காட்டுத்தீக் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி பிறந்துவிட்டால் தேனி, போடி பக்கத்துக்காரர்களுக்கு இது பழகிய காட்சி. ராத்திரி மொட்டை மாடிக்குப் போனால் எதிர்மலையில் சீரியல் பல்பு மாலை போட்ட மாதிரி ஒரு கோடு எரிந்துகொண்டிருக்கும். "மலையில தீ" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விடுவார்கள். பிப்ரவரி தொடங்கி கோடை மழை நன்றாக இறங்கும் வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட சரிவுகளுக்கு இதுதான் தீக்காலம். தூரத்தில் நின்றே பார்த்துப் பழகிவிட்டோம். கிட்டத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பது நமக்குத் தெரிவதில்லை.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த இரண்டு மலையேற்றக் குழுக்கள் தீயில் சிக்கின. அன்றும், பிறகு மருத்துவமனைகளிலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, பிற்பகல் காற்று மூன்றும் சேர்ந்த இடம் அது. பதறி ஆளுக்கொரு பக்கம் ஓடியதில் சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த நிமிடத்தில் யாருக்கும் கால் போன போக்கில்தான் ஓடத் தோன்றும். ஆகவே சில விஷயங்களை மலைக்குப் போகும் முன்பே மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் தவறு மேட்டை நோக்கி ஓடுவது. ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி, தலை மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடியுங்கள். நெருப்பு தயங்கித் தயங்கி இறங்கும், பாதியில் அணைந்தும் போகும். அதே குச்சியைத் தலைகீழாக்கினால் நீங்கள் உதறுவதற்குள் விரலைச் சுட்டுவிடும். மலைச்சரிவும் அப்படித்தான். கீழே எரியும் தீ, மேலே நிற்கும் புல்லின் மீது சாய்ந்து அதைச் சூடாக்கி, உலர்த்தித் தயாராக வைத்துவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பவர்களின் தோராயக் கணக்கு. இருபது டிகிரி என்றால் நாலு மடங்கு. மேடு ஏறும் மனிதனுக்கோ வேகம் பாதியாகக் குறையும். இந்தப் பந்தயத்தில் நாம் ஜெயிக்க வழியில்லை.

அப்படியானால் எங்கே போவது? தீயின் முகப்புக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் விலகி, முடிந்தவரை கீழ்நோக்கி. புல் இல்லாத பாறைத் திட்டு, கல் நிறைந்த அகலமான ஆற்றுப்படுகை, தீ தாண்டாமலிருக்கப் புல்லை வெட்டிவிட்ட தீத்தடுப்புக் கோடு, தார் ரோடு எது கிடைத்தாலும் சரி. ஆனால் இரண்டு சரிவுக்கு நடுவே இருக்கும் குறுகிய ஓடை இடுக்கில் மட்டும் இறங்கக் கூடாது. மறைவிடம் போலத் தோன்றும். தீ வந்தால் அது புகைபோக்கியாக மாறிவிடும்.

இன்னொரு நல்ல இடம் உண்டு, அங்கே போகத்தான் யாருக்கும் மனசு வராது: ஏற்கெனவே எரிந்து முடிந்த கறுப்பு நிலம். 1949 ஆகஸ்டில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் தீயணைக்கப் போனவர்களைத் தீ கீழிருந்து துரத்தியது. குழுத்தலைவர் வாக் டாட்ஜ் தனக்கு முன்னால் இருந்த புல்லைத் தானே கொளுத்தி, அது எரிந்து நகர்ந்ததும் அந்தச் சாம்பலில் குப்புறப் படுத்துவிட்டார். கூடவே வரச் சொல்லிக் கூப்பிட்டும் மற்றவர்கள் மேட்டைப் பார்த்து ஓடினார்கள். பதின்மூன்று பேர் இறந்தார்கள். டாட்ஜும், மேலே எட்டிவிட்ட இரண்டு பேரும்தான் மிஞ்சினார்கள். நீங்களும் புல்லைக் கொளுத்துங்கள் என்று சொல்லவில்லை. அது பழகாத கையில் இன்னொரு ஆபத்து. ஒருமுறை எரிந்த புல் மறுபடி எரியாது, அதை நினைவில் வைத்தால் போதும். தீயின் ஓரத்தில் சுடர் முழங்கால் உயரம்கூட இல்லாத இடமாகப் பார்த்துத் தாண்டி உள்ளே போவது, அதற்கு முன்னால் ஓடுவதைவிடப் பல சமயம் மேல்.

உடை விஷயத்திலும் ஒரு தவறு நடக்கிறது. மலையேற்றம் என்றாலே வழுவழுப்பான பாலியெஸ்டர் டீஷர்ட், நைலான் பேன்ட் என்றாகிவிட்டது. வியர்வை சீக்கிரம் காயும், உண்மைதான். சூடு பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், அதுவும் உண்மை. கோடையில் காட்டுப்பக்கம் போகிறவர்களுக்குக் கெட்டியான பருத்தி முழுக்கைச் சட்டைதான் சரி. அப்புறம், தீ கிட்டத்தில் வந்தால் முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொள் என்று எல்லோரும் சொல்வார்கள். கடும் வெப்பத்தில் அந்த ஈரம் ஆவியாகி மூச்சுக்குழலை இன்னும் மோசமாகச் சுடும். அமெரிக்காவில் காட்டுத்தீ அணைப்பவர்களுக்கு உலர்ந்த துணியைக் கட்டச் சொல்லித்தான் பயிற்சி கொடுக்கிறார்கள். முகத்தைத் தரையோடு வைத்துக்கொள்வது அதைவிட முக்கியம். மலைப்பாதையில் காரில் போகும்போது சிக்கிக்கொண்டால் இறங்கி ஓட வேண்டாம். செடிகொடி இல்லாத இடத்தில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஜன்னல் மட்டத்துக்குக் கீழே குனிந்திருங்கள். தீயின் முகப்பு கடந்து போன பிறகு இறங்கலாம்.

இதெல்லாம் சிக்கிய பிறகு. சிக்குவதற்கு முன்பே செய்யும் தவறுகள் இன்னும் அதிகம். தீக்காலத்தில் வனத்துறை பாதையை மூடினால் "எனக்குத் தெரிந்த லோக்கல் கைடு இருக்கிறார்" என்று வேறு வழியில் ஏறுவது, சதுரகிரியில் அமாவாசைக்கு அனுமதி இல்லை என்றால் அடிவாரத்தில் நின்று சண்டை போடுவது, இரண்டும் ஒரே ரகம்தான். உள்ளே தீ இருக்கிறதா என்று நம் கண்ணுக்குத் தெரியாது. நாம் உள்ளே இருக்கிறோமா என்று அவர்களுக்கும் தெரியாமல் போய்விடும்.

மூங்கிலும் மூங்கிலும் உரசித் தீப்பிடிக்கிறது என்ற கதையையும் இத்தோடு விட்டுவிடலாம். நம் நாட்டில் காட்டுத்தீ கிட்டத்தட்ட எல்லாமே மனிதக் கையிலிருந்து தொடங்குகிறது. மிதிக்காமல் விட்ட பீடித் துண்டு, சோறாக்கி முடித்த மூன்று கல் அடுப்பு, புதுப்புல் முளைக்கட்டும் என்று மாட்டுக்காரர் வைத்த நெருப்பு, வரப்போரம் கொளுத்திய சருகு. 2024 மார்ச்சில் குன்னூர் அருகே நாள்கணக்கில் எரிந்து, சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்த தீயும், ஒரு தோட்டத்தில் குப்பையைக் கொளுத்தியதிலிருந்து பரவியதாகத்தான் வழக்கு. காட்டை ஒட்டி நிலம் உள்ளவர்கள் பிப்ரவரிக்கு முன்பே, காலைப் பனி ஈரம் இருக்கும்போது, கையில் தண்ணீரும் ஆளும் வைத்துக்கொண்டு அந்த வேலையை முடித்துவிட வேண்டும். மதியம் இரண்டு மணி வெயிலில் "சின்னக் குப்பைதானே" என்று பற்றவைத்துவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவது, மூட்டியதை அணைக்காமல் போவது இரண்டும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி குற்றம்.

செல்போன் தவறு ஒன்றும் உண்டு. எங்கே தீ எரிகிறது என்று செயற்கைக்கோள் வழியாகக் காட்டும் நாசாவின் ஃபிர்ம்ஸ் இணைய வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு "முதுமலையே எரிகிறது" என்று குழுக்களில் தட்டிவிடுகிறார்கள். செயற்கைக்கோளின் வியர்ஸ் கருவி தரும் ஒரு புள்ளி 375 மீட்டர் சதுரக் கட்டம். அதற்குள் கரும்புச் சோகை கொளுத்திய ஒரே ஒரு வயல் இருந்தாலும் கட்டம் முழுக்கச் சிவப்புதான். செயற்கைக்கோள் தலைக்கு மேலே வராத நேரத்தில் பற்றி அணைந்த தீ படத்தில் வராமலே போகவும் கூடும். புகையைக் கண்ணால் பார்த்தால் 101 அல்லது 112-க்குப் பேசி, எந்த ஊர், எந்தப் பக்கத்துச் சரிவு என்று சொல்லுங்கள். அது போதும்.

உதவி செய்ய ஓடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பச்சைத் தழையை ஒடித்துத் தீயை அடிப்பதைப் பார்த்தால் சுலபமாகத்தான் இருக்கும். வனக்காவலர்கள் எங்கே நின்று அடிக்கிறார்கள் என்று கவனியுங்கள். எரிந்த பக்கத்தில் கால் வைத்து, ஓரத்திலிருந்து நெருக்கிக்கொண்டே போவார்கள். ஆர்வத்தில் முகப்புக்கு எதிரே போய் நிற்பது புதிதாக வந்தவர்தான். சுடர் அடங்கியதும் வேலை முடிந்தது என்று இறங்கிவிடுவதும் தவறு. பட்டமரத்தின் தூரில் கங்கு நாள்கணக்கில் கிடக்கும். சரிவில் எரிந்த கட்டை ஒன்று உருண்டால் கீழே புதுத் தீ. உருளும் கல்லும் அப்படியே, ஒரு சரிவில் ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கக் கூடாது.

கடைசியாகத் தீக்காயம். வெந்த இடத்தில் பற்பசை, இங்க், மாவு, எண்ணெய், மஞ்சள் எதையும் பூசாதீர்கள். ஓடும் சாதாரணத் தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றுங்கள், ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையல், வாட்ச் இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காமல் அதைச் சுற்றிக் கத்தரித்துவிட்டு, சுத்தமான துணியை மேலே லேசாகப் போர்த்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். புகையை இழுத்தவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், குரல் கரகரத்தாலோ மூக்கு முடி கருகியிருந்தாலோ, அவரைத்தான் முதல் வண்டியில் ஏற்ற வேண்டும்.