சர்வருக்கு ஃபோல்டர் தானாகப் போகவில்லையா, இப்படிப் பாருங்கள்

“அண்ணே, ராத்திரி ராத்திரி தானா சர்வருக்குப் போயிட்டிருந்துச்சு, ஒரு வாரமா ஒண்ணுமே போகல.” ஜூன் கடைசியில் மண்டபத்திலிருந்தோ பாம்பனிலிருந்தோ இப்படிப் போன் வந்தால் நான் முதலில் கேட்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் சர்வரை அணைத்து வைத்திருந்தீர்களா என்றுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, சில மீன் கம்பெனி ஆபீஸும் பூட்டிக் கிடக்கும், மறுபடி எல்லாவற்றையும் போடும்போது ரவுட்டர் சர்வருக்கு வேறு ஐபி, அதாவது வேறு நெட்வொர்க் முகவரி, கொடுத்திருக்கும், ஃபோல்டரைக் காப்பி செய்யும் ஸ்கிரிப்ட்டோ பழைய ஐபியையே தேடிக்கொண்டிருக்கும். காப்பி ஓடியதைப் பதியும் லாகில் பிழை எண் 53 இருந்தால் சர்வரையே எட்ட முடியவில்லை என்று அர்த்தம். ரவுட்டர் செட்டிங்கில் போய் அந்தச் சர்வருக்கு ஒரே ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

ஐபி சரி என்றால் அடுத்தது கேபிள். நம் உப்புக்காற்று கனெக்டரையும் விடாது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் எட்டுப் பின்னில் ஒன்றிரண்டு பச்சை பூத்திருக்கும். ஜிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு போதும். அதனால் மற்ற நான்கில் ஒரு பின் போனாலும் லைட் எரியும், நெட்வொர்க் நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும், காப்பி மட்டும் விடிய விடிய ஓடும். சுரண்டிப் பார்க்காதீர்கள், முனையை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போடுங்கள்.

கையால் ஓட்டினால் போகிறது, ராத்திரி தானாக ஓடும்போது மட்டும் போகவில்லை என்றால் கோளாறு, குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில். சர்வர் ஃபோல்டருக்கு என்று நீங்கள் பார்க்கும் இசட் டிரைவ் உங்கள் லாகினுக்குள் மட்டும் இருப்பது. யாரும் லாகின் செய்யாதபோது ஓடும் வேலைக்கு அது தெரியாது. ஸ்கிரிப்ட்டில் டிரைவ் எழுத்துக்குப் பதிலாக சர்வர் பெயர், ஷேர் பெயர் என்று முழுப் பாதையையும் எழுதுங்கள். அப்புறமும் பிழை 1326 வந்தால் யூசர்நேமோ பாஸ்வேர்டோ தப்பு, 5 வந்தால் அந்த யூசருக்கு ஃபோல்டரில் அனுமதி இல்லை. லேப்டாப் என்றால் இன்னொன்று: கரண்டு போய் பேட்டரியில் இருக்கும்போது டாஸ்க் தொடங்காது, அதுதான் அதன் இயல்பான செட்டிங். அந்த டிக்கை எடுத்துவிட்டு, நேரம் தவறினால் கிடைத்த நேரத்தில் ஓடு என்பதற்கு டிக் போடுங்கள்.

விண்டோஸிலேயே இருக்கும் காப்பி கட்டளையான ரோபோகாப்பியைப் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஒரு ஃபைலை எடுக்க முடியாவிட்டால் அது 30 நொடிக்கு ஒருமுறை, 10 லட்சம் தடவை முயற்சி செய்யும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 347 நாள். கணக்குப்பிள்ளை டேலியை மூடாமல் வீட்டுக்குப் போனால் போதும், பிழை 32 போட்டுக்கொண்டு அந்த ஒரே ஃபைலில் நின்றுவிடும், முதல் நாள் வேலையே முடியாததால் மறுநாள் டாஸ்க்கும் தொடங்காது. கட்டளையோடு சேர்க்கும் ஆர் என்ற ஸ்விட்சுக்கு (எத்தனை தடவை) 3, டபிள்யூவுக்கு (எத்தனை நொடி இடைவெளி) 5 என்று கொடுத்துவிடுங்கள். இன்னொரு குழப்பம், ஷெட்யூலரில் கடைசி முடிவு 0எக்ஸ்1 என்று காட்டுவதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். ரோபோகாப்பியில் 1 என்றால் ஃபைல்கள் காப்பி ஆகிவிட்டன, 0 என்றால் புதிதாக எதுவும் காப்பி ஆகவில்லை, 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் கோளாறு.

ரோபோகாப்பியின் எம்ஐஆர் ஸ்விட்சைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. இந்தப் பக்கம் இல்லாததை அந்தப் பக்கமும் அழிப்பதுதான் அதன் வேலை. ஒரு ஸ்டுடியோவில் கல்யாணப் போட்டோக்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுப் பழைய ஃபோல்டரைக் காலியாக விட்டிருந்தார்கள், அன்று ராத்திரியே சர்வரிலும் அந்த ஃபோல்டர் காலி. புது டிஸ்க்கில் போட்டோ இருந்ததால் தப்பித்தார்கள், ஆனால் அந்தத் தம்பியின் கை நடுங்கியதை நான் பார்த்தேன். எம்ஐஆர் போடுவதற்கு முன்னால் எல் ஸ்விட்சோடு ஒருமுறை ஓட்டுங்கள், எதையும் தொடாமல் எது போகும், எது அழியும் என்று பட்டியல் மட்டும் காட்டும்.

எல்லாம் சரிசெய்தபின் கம்ப்யூட்டரில் லாகின் செய்யாமல் டாஸ்க்கை ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். காலையில் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குள் போய், நேற்றுப் போட்ட பில் ஒன்றைத் திறந்து அதில் உள்ள தொகையைப் படித்துப் பாருங்கள்.