பழைய சாப்டர் ஹவுஸுக்கு முன்னாள் உறுப்பினர் கைகொடுக்கும் முறை

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்தபோது ஃபிராட்டர்னிட்டி எனப்படும் ஆண் மாணவர் சங்கத்தில் சேர்ந்து, அதன் உள்ளூர்க் கிளையான சாப்டரின் வீட்டில் (சாப்டர் ஹவுஸ்) தங்கியிருந்தவர்களுக்குப் பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து ஒரு கடிதம் வருவது வழக்கம். கூரை ஒழுகுகிறது, கொதிகலன் பழுதாகிவிட்டது, உதவி தேவை என்று அதில் எழுதியிருக்கும். பழைய பாசத்தில் உடனே காசோலை எழுதிவிடுவோர் உண்டு. குப்பையில் போடுவோரும் உண்டு. உதவ விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு கொடுப்பது என்பதை அன்று, யாரிடம் கொடுப்பது என்பதையே.

1825இல் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் கப்பா ஆல்ஃபா சொசைட்டி தோன்றிய காலத்தில் இச்சங்கங்களுக்கு வீடு கிடையாது. பிறகு வீடுகள் வந்தன. ஆண்டுதோறும் மாறும் மாணவர்கள் ஒரு கட்டடத்தின் உரிமையாளராக இருக்க இயலாது என்பதால், முன்னாள் உறுப்பினர்கள் நடத்தும் ஹவுஸ் கார்ப்பரேஷன் என்ற தனிச் சட்ட அமைப்பும் வந்தது. வீட்டுப் பத்திரம், அடமானக் கடன், காப்பீடு, சொத்து வரி ஆகிய அனைத்தும் பொதுவாக இந்த அமைப்பின் பொறுப்பு. மாணவர் சாப்டர் அதன் வாடகைதாரர் மட்டுமே. சில இடங்களில் நிலம் பல்கலைக்கழகத்துடையதாகவும் வீடு மட்டும் கார்ப்பரேஷனுடையதாகவும் இருக்கும்; வேறு சில இடங்களில் வீடே பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகத்தின் நிலப் பதிவேடு பொது ஆவணம் என்பதால், முகவரியைக் கொண்டு உரிமையாளர் யார் என்று எளிதில் அறியலாம். கட்டடத்துக்கான பணம் மாணவர் சாப்டரின் வங்கிக் கணக்குக்குப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பொருளாளராக இருக்கும் பத்தொன்பது வயது மாணவர் நேர்மையானவராகவே இருப்பார். ஆனால் அடுத்த ஆண்டு அந்தப் பொறுப்பில் வேறொருவர் அமர்ந்திருப்பார், கூரைக்காக வந்த பணம் எது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

வரிச் சலுகை குறித்துப் பலரிடம் தவறான நம்பிக்கை நிலவுகிறது. சாப்டர்கள் பொதுவாக அமெரிக்க வரிச் சட்டத்தின் 501(சி)(7) பிரிவில் வரும் சமூக மன்றங்கள்; ஹவுஸ் கார்ப்பரேஷன்கள் அதே பிரிவிலோ, சொத்தை வைத்துப் பேணுவதற்கான 501(சி)(2) பிரிவிலோ இருக்கும். இவை வரிவிலக்குப் பெற்ற அமைப்புகளே தவிர, இவற்றுக்குத் தரும் நன்கொடையை நாம் நம் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இயலாது. அந்தக் கழிவு வேண்டுமானால் 501(சி)(3) பிரிவில் உள்ள கல்வி அறக்கட்டளைக்குக் கொடுக்க வேண்டும். தேசிய ஃபிராட்டர்னிட்டிகள் பலவற்றுக்கு இத்தகைய அறக்கட்டளை உண்டு, சில சாப்டர்களுக்குத் தனியாகவும் உண்டு. ஆனால் அறக்கட்டளைப் பணம் வீட்டில் கல்விக்கு உரிய பகுதிகளுக்கு மட்டுமே செல்லலாம்: படிப்பறை, நூலகம், அவற்றின் மேசை நாற்காலிகள், கணினி இணைப்பு போன்றவை. படுக்கையறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் விருந்துக் கூடத்துக்கும் அதைத் தொட முடியாது. அறக்கட்டளையைக் காசு கடத்தும் குழாயாக மட்டும் பயன்படுத்தி, 'இந்தத் தொகை கூரைக்கே போக வேண்டும்' என்று நிபந்தனை போட்டால் பொறுப்பான அறக்கட்டளை அதை ஏற்காது. எனவே கட்டட வரைபடத்தில் எந்தப் பரப்பு கல்விக்கு உரியது என்பதை வேலை தொடங்குமுன்பே அறக்கட்டளையிடம் காட்டி எழுத்தில் ஒப்புதல் பெறும்படி கார்ப்பரேஷனைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறக்கட்டளை வழியில் வேறு சில வசதிகளும் உண்டு. நிறுவனங்கள் ஊழியரின் நன்கொடைக்கு இணையாகத் தரும் தொகை, அந்நிறுவனத்தின் விதிகள் இடம் கொடுத்தால், இந்த வழியில்தான் கிடைக்கும். எழுபதரை வயது கடந்தவர்கள் தம் ஐஆர்ஏ ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து நேரடியாக அறக்கட்டளைக்கு அனுப்பினால் அத்தொகை அவர்கள் வருமானத்தில் சேராது. 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் எழுத்து மூலமான ஒப்புகை இல்லாமல் கழிவு கோர முடியாது.

கார்ப்பரேஷனின் நிலையைச் சரிபார்க்கச் சில நிமிடங்களே போதும். வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் படிவம் 990 வகைகளில் ஒன்றைத் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கமான ஆண்டு வரவு 50,000 டாலரைத் தாண்டாத சிறிய அமைப்புகளுக்கு 990-என் என்ற மின்னணு அறிவிப்பே போதும். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் வரிவிலக்குத் தானாகவே ரத்தாகிவிடும். தன்னார்வலர்கள் நடத்தும் ஹவுஸ் கார்ப்பரேஷன்களில் இது நடக்கக்கூடியதே; ஒரு பொருளாளர் ஊர் மாறினால் போதும். அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் தேடல் பக்கத்தில் பெயரை இட்டால் ரத்தானவற்றின் பட்டியல் தெரியும். பெயர் அதில் இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் அதைச் சீர்செய்ய உதவுவதே முதல் நன்கொடை.

எதற்குக் கொடுப்பது என்ற கேள்வியில் பார்வைக்கு அழகானவை எப்போதும் முந்திக்கொள்ளும். புதிய சோபா, பெரிய தொலைக்காட்சி, பெயர் பொறித்த பலகை ஆகியவற்றுக்கு நன்கொடையாளர் எளிதில் கிடைப்பார்கள். மின்கம்பி மாற்றுவதற்கும் தீயணைப்புத் தெளிப்பான் பொருத்துவதற்கும் கிடைக்க மாட்டார்கள். 1996 மே மாதம் வட கரோலினாவின் சாப்பல் ஹில் நகரில் ஃபை காமா டெல்டா வீட்டில் ஏற்பட்ட தீயில் ஐந்து மாணவர்கள் இறந்தனர். அதன்பின் ஃபிராட்டர்னிட்டி வீடுகளிலும் சொரோரிட்டி எனப்படும் மாணவியர் சங்க வீடுகளிலும் தெளிப்பான்களைக் கட்டாயமாக்கி அந்நகரம் விதி கொண்டுவந்தது. பழைய மரப்படிகளும் நிறைய மாணவர்களும் இரவு விருந்துகளும் ஒன்றுசேரும் கட்டடத்தில் தெளிப்பான், புகை எச்சரிக்கைக் கருவி, வெளியேறும் வழி ஆகியவற்றுக்குப் பிறகுதான் மற்றவை. உங்கள் வீட்டில் தெளிப்பான் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் பணம் எங்கே போக வேண்டும் என்பதில் விவாதம் தேவையில்லை. அதற்கடுத்து கூரை, கொதிகலன், குழாய்கள். கட்டடத்தின் ஒவ்வொரு பாகமும் எப்போது மாற்ற வேண்டிவரும், அதற்கு ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று பொறியாளர் ஒருவர் கணக்கிட்டுத் தரும் சேமநிதி ஆய்வு கார்ப்பரேஷனிடம் இல்லையென்றால், அந்த ஆய்வுக்கே பணம் கொடுப்பது சிறந்த தொடக்கம்.

சில வீடுகள் கட்டடக்கலை மரபுச் சொத்துகள். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கட்டடக் கலைஞர்களான கிரீன் சகோதரர்கள் வடிவமைத்த தார்சன் ஹவுஸ் 1940களிலிருந்து சிக்மா ஃபை சங்கத்தின் வசம் இருந்துவருகிறது. இத்தகைய வீட்டில் ஒரு சன்னலை மாற்றவும் உரிய அனுமதிகளைப் பார்க்க வேண்டியிருக்கும். மரபுக் காப்புக்கென்றே தனி அறக்கட்டளை அமைக்க வழி உண்டா என வழக்கறிஞரிடம் கேட்பது பயன் தரும்.

சொந்த வீடே இல்லாத சாப்டர்களும் பல. 1990களில் தெற்காசிய மாணவர்களிடையே தோன்றிய ஐயோட்டா நூ டெல்டா, சிக்மா பீட்டா ரோ போன்றவற்றின் முன்னாள் உறுப்பினர்கள் வீடு வாங்கும் கனவுக்கு முன் கல்வி உதவித்தொகையை யோசிக்கலாம். கட்டடம் ஒன்றை வாங்கியபின் அது ஆண்டுதோறும் பணம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பெரிய தொகை கொடுப்பவர் கட்டாயம் எழுத்தில் கேட்க வேண்டிய ஒன்று உண்டு: சாப்டர் மூடப்பட்டால் என்ன ஆகும்? ஹேசிங் எனப்படும் கொடுமைச் சடங்குகளுக்காகப் பல்கலைக்கழகமோ தேசியத் தலைமையகமோ சாப்டரின் அங்கீகாரத்தைப் பறித்தால், வீட்டில் வாடகைக்கு ஆள் இராது, கடன் தவணை மட்டும் நிற்காது. 2024 டிசம்பரில் சட்டமான ஸ்டாப் கேம்பஸ் ஹேசிங் ஆக்ட் கல்லூரிகள் ஹேசிங் மீறல்களை வெளிப்படையாக அறிவிக்கும்படி செய்கிறது. உங்கள் சாப்டரின் பெயர் அந்த அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் கடும் மதுவகைகள் கூடாது என்று 2018இல் ஃபிராட்டர்னிட்டிகளின் கூட்டமைப்பான நார்த் அமெரிக்கன் இண்டர்ஃபிராட்டர்னிட்டி கான்ஃபரன்ஸ் எடுத்த முடிவை, பழைய மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பி வரும் ஹோம்கமிங் வார இறுதியில் முன்னாள் உறுப்பினர்களே மீறுவதும் நடக்கும். நன்கொடை கொடுத்துவிட்டு அன்றிரவு பாட்டிலோடு போய் நிற்பது கொடுத்ததையே கெடுத்துக்கொள்வதாகும். மூடல் நேர்ந்தால் நிதி கார்ப்பரேஷனின் சேமநிதியில் இருக்குமா, அறக்கட்டளையின் உதவித்தொகைக்கு மாறுமா என்பதை நன்கொடை ஒப்பந்தத்தில் ஒரு பத்தியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பணத்தைவிட அரிதாகக் கிடைப்பது நேரம். கணக்காளர், வழக்கறிஞர், கட்டடப் பொறியாளர் ஆகியோரில் ஒருவராக நீங்கள் இருந்தால், கார்ப்பரேஷன் வாரியத்தில் சில ஆண்டுகள் அமர்வது பெரிய காசோலைக்கு ஈடாகும். ஒவ்வொரு மாணவரிடமும் தனித்தனியாக வாடகை ஒப்பந்தம் போட்டுப் பெற்றோரை உத்தரவாதியாக்குதல், காலிப் படுக்கைகளைக் கணக்கில் கொண்டு வாடகையை நிர்ணயித்தல், காப்பீட்டு ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தல் ஆகியவை யாரும் நன்றி சொல்லாத வேலைகள். வெளியூரில் இருப்பவரும் தொலைபேசி வழியாக இவற்றில் பெரும்பகுதியைச் செய்யலாம்.

புதுப்பித்தலுக்காகப் பிறரிடம் நிதி திரட்ட முன்வந்தால், பொதுக் கடிதம் அனுப்புவதற்கு முன் முதல் சில பெரிய நன்கொடைகளை நேரில் பேசி உறுதிசெய்துகொள்வது திரட்டலில் தேர்ந்தவர்களின் வழக்கம். வாரிய உறுப்பினர்கள் அனைவரும் தாங்களே கொடுத்திருக்க வேண்டும். கேட்கப்படுபவர் அதைத்தான் முதலில் விசாரிப்பார். ஒரே ஆண்டில் பிளெட்ஜ் ஆனவர்களுள், அதாவது புதிய உறுப்பினராகச் சேர்ந்தவர்களுள், ஒருவரே தம் வகுப்பாரைக் கேட்பது, முகம் தெரியாத ஒருவர் கேட்பதைவிடப் பலன் தரும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் பிரித்துத் தரும் உறுதிமொழிகளை ஏற்கலாம், ஆனால் அவை முழுவதும் வந்துவிடும் என்று எண்ணி ஒப்பந்ததாரருக்குக் கையெழுத்துப் போடக் கூடாது.

உயிலில் தொகை ஒதுக்க விரும்புகிறவர் 'என் ஃபிராட்டர்னிட்டிக்கு' என்று மட்டும் எழுதினால் தேசியத் தலைமையகம், அறக்கட்டளை, கார்ப்பரேஷன், சாப்டர் என்ற நான்கில் எது என்பதில் வாரிசுகளுக்குக் குழப்பமே மிஞ்சும். அமைப்பின் முழுச் சட்டப்பெயரையும் வரி அடையாள எண்ணையும் குறித்து, அது அப்போது இயங்காவிட்டால் தொகை எந்த அமைப்புக்குச் செல்ல வேண்டும் என்பதையும் அதே பத்தியில் எழுதிவிட வேண்டும்.