கால் பளபளக்குது, கழுத்து நாறுது: குழந்தையைக் குளிப்பாட்டுவதில் நாம் செய்யும் தவறுகள்

என் மகளுக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தபோது அவளைத் தூக்கும்போதெல்லாம் ஒரு புளித்த வாடை அடித்தது. தினமும் குளிப்பாட்டுகிறோம், தலை முதல் கால் வரை சோப்பு போடுகிறோம், பிறகு எங்கிருந்து வருகிறது? அந்த வயதுக் குழந்தைக்குக் கழுத்து என்று ஒன்று கண்ணுக்கே தெரியாது. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இரண்டு மூன்று மடிப்புகள், அவ்வளவுதான். ஒருநாள் தாடையை மெல்லத் தூக்கி, விரலால் மடிப்பை விரித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாகத் திரிந்த பால். அதற்கு அடியில் தோல் செக்கச்செவேலென்று புண்ணாகிக் கிடந்தது. கால்களோ வறண்டு செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தன. கழுவ வேண்டிய இடத்தில் தண்ணீரே படவில்லை. அழுக்கே ஒட்டாத காலில் தினம் தினம் சோப்பு.

குளியல் விஷயத்தில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். குறையாக ஒன்று, மிகையாக ஒன்று, இரண்டும் ஒரே குழந்தைக்கு.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

தவழத் தொடங்காத குழந்தை எங்கே போய் அழுக்காகப் போகிறது? முதல் ஒரு வருடத்துக்கு வாரம் மூன்று குளியல் போதுமானது என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. மற்ற நாட்களில் அப்படியே விட்டுவிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் முகம், கழுத்து மடிப்பு, காதுக்குப் பின்பக்கம், அக்குள், மூடியே இருக்கும் உள்ளங்கை, தொடை இடுக்கு, டயபர் கட்டும் இடம் ஆகியவற்றைத் தினமும் துடைக்க வேண்டும். துடைத்த பிறகு ஒற்றி ஈரம் எடுப்பது அதைவிட முக்கியம். மடிப்புக்குள் ஈரம் தங்கினால் பால் தங்கியதற்குச் சமம்.

தினமும் குளிப்பாட்டினால் குழந்தைக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. வெக்கை அதிகமான காலத்தில் தினக் குளியல் வேர்க்குருவுக்கு இதம். தோலை வறளவைப்பது குளியலின் எண்ணிக்கையைவிட, சூடும் சோப்பும் நேரமும்தான். தினமும் குளிப்பாட்டுகிறீர்களா? வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும், ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள். சோப்பு மடிப்புகளுக்கும் டயபர் பகுதிக்கும் மட்டும் போதும்.

தோல் இன்னும் கட்டி முடிக்கப்படாத சுவர்

குழந்தையின் தோல் பார்க்க முழுமையாக இருக்கும். ஆனால் அதன் வெளிப்படலம் பெரியவர்களுடையதைவிடச் சுமார் 30 சதவீதம் மெலிது. உள்ளிருக்கும் ஈரம் சீக்கிரம் வெளியேறும், வெளியில் தடவுவது சீக்கிரம் உள்ளே போகும். நம் தோலில் லேசான ஓர் அமிலத்தன்மை உண்டு. கிருமிகளை அண்டவிடாமல் வைப்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது. பிறந்த குழந்தையின் தோலில் அது இல்லை. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 6-க்கு மேல் இருந்து, வாரங்கள் போகப்போக 5.5-ஐ நெருங்கும். சாதாரணக் கட்டி சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை. இந்தப் படலம் உருவாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் தினமும் உடம்பு முழுக்க அதைத் தேய்த்தால், பூசிய ஈரச் சுவரைத் தினமும் சுரண்டுவது போலத்தான். சோப்பு வேண்டும் என்றால் வாசனை சேர்க்காத, காரம் குறைந்த திரவ வகை நல்லது.

இந்தத் தவறு பிறந்த அன்றே தொடங்கிவிடுகிறது. உடம்பில் ஒட்டியிருக்கும் வெண்ணெய் போன்ற வெள்ளைப் பூச்சைப் பார்த்ததும் தேய்த்துக் கழுவத் தோன்றும். வெர்னிக்ஸ் என்னும் அந்தப் பூச்சு அழுக்கு இல்லை. தோலை ஈரமாக வைத்து, கிருமிகளையும் தடுப்பது அது. முதல் குளியலைக் குறைந்தது 24 மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பூச்சைக் காப்பாற்ற மட்டுமல்ல இது. அவசரக் குளியலில் பச்சிளம் குழந்தையின் உடல்சூடு சட்டென்று இறங்கிவிடும்.

தொப்புள்கொடி விழும்வரை, அதாவது ஒன்றிலிருந்து மூன்று வாரம்வரை, தொட்டியில் அமுக்கிக் குளிப்பாட்டாமல் துணியால் துடைத்தெடுப்பதே எளிது. கொடியைக் காற்றோட்டமாக, உலர்வாக விடுங்கள். டயபரை அதற்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். தொங்கிக்கொண்டிருக்கிறதே என்று இழுத்துவிட வேண்டாம்.

தண்ணீரில் விளையாட்டு வேண்டாம்

தண்ணீரின் சூடு 37, 38 டிகிரி செல்சியஸ், கிட்டத்தட்ட நம் உடம்புச் சூடு. உள்ளங்கையை நம்பாதீர்கள், அது வேலை செய்து காய்த்துப்போனது. முழங்கையோ மணிக்கட்டின் உட்புறமோ வைத்துப் பாருங்கள்: சூடாகவும் தெரியக்கூடாது, குளிராகவும் தெரியக்கூடாது. தண்ணீரை முழுக்க ஊற்றிக் கலக்கிச் சூடு பார்த்த பிறகே குழந்தையை உள்ளே விட வேண்டும். குழந்தை தொட்டியில் இருக்கும்போது குழாயைத் திறந்துவிட்டால் நொடியில் சூடு மாறிவிடும்.

இன்னொன்று. ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரே ஒரு குழந்தை மூழ்கப் போதும். சத்தமும் வராது. குளியல் இருக்கையில் உட்கார வைத்திருக்கிறோமே என்று துண்டு எடுக்கப் போகக்கூடாது. அந்த இருக்கை சாயும். துண்டு, மாற்றுத் துணி, டயபர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பிறகே தொடங்குங்கள். போன் அடித்தால் அடிக்கட்டும். போயே ஆக வேண்டுமென்றால் ஈரக் குழந்தையைத் துண்டில் சுருட்டித் தூக்கிக்கொண்டு போங்கள்.

“கொஞ்சம் கிருமிநாசினி விட்டால் நல்லதுதானே?”

நல்லதில்லை. குளிக்கும் தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றுவது குழந்தையின் தோலில் குடியேற வேண்டிய நல்ல கிருமிகளையும் சேர்த்து விரட்டும், தோலை எரிக்கும். மெலிந்த தோல் வழியாக எவ்வளவு உள்ளே போக முடியும் என்பதற்கு ஒரு கொடுமையான சாட்சி உண்டு. 1972-இல் பிரான்சில் குழந்தைகளுக்கான ஒரு பவுடரில் ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக மிக அதிகமாகக் கலந்துவிட்டது. தோல் வழியாக உறிஞ்சப்பட்டு நரம்பைத் தாக்கியதில் 36 குழந்தைகள் இறந்தார்கள். இன்று அந்தப் பொருளுக்குக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது. ஆனால் தோலின் மெலிவு மாறவில்லை.

கிருமிநாசினி கலக்காத பவுடராக இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தட்டும்போது எழும் தூளைக் குழந்தை மூச்சோடு இழுக்கும், நுரையீரலுக்குக் கெடுதல். மடிப்பில் போட்டால் வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி உராயும். நுரை பொங்கும் குளியல் திரவமும் இந்த வரிசைதான். பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் துவாரத்தில் எரிச்சல் வரும்.

எண்ணெய், கிரீம், லேபிள்

குளித்ததும் தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, தோலில் லேசான ஈரம் இருக்கும்போதே வாசனையற்ற களிம்பையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ வறண்ட இடங்களில் தடவுங்கள். தடவுவது அந்த ஈரத்தைப் பூட்டிவைக்கத்தான். காய்ந்த பிறகு தடவினால் பூட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. எண்ணெய் எல்லாம் இயற்கை, அதனால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒலீயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் நிறைந்த ஆலிவ் எண்ணெய் போன்றவை தோலின் தடுப்பைத் தளர்த்தும்.

தோல் நன்றாகவே இருக்கும் குழந்தைக்கும் தினமும் களிம்பு பூசினால் கரப்பான் (எக்ஸிமா என்னும் தோல் அழற்சி) வராது என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் மருத்துவர்களுக்கும் இருந்தது. பிரிட்டனில் 1,394 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2020-இல் வெளியானபோது அப்படி எந்தத் தடுப்பும் தெரியவில்லை. வறட்சி இருந்தால் தடவுங்கள். இல்லையா, டப்பா மூடியே இருக்கட்டும்.

கடையில் லேபிள் படிக்கும்போது ஒரு சூட்சுமம்: வாசனை தெரியாது என்பதும் வாசனைப்பொருள் சேர்க்கவில்லை என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் மற்ற வாடையை மறைக்கவே ஒரு வாசனைப்பொருள் கலந்திருக்கலாம். ஒவ்வாமை தராது என்ற வாசகத்தையும் அப்படியே நம்ப வேண்டாம்.

தொடாமல் விட வேண்டியவை

மூக்கின் மேல் வெள்ளைப் பொட்டு பொட்டாக இருக்கும், பிதுக்கக்கூடாது, தானே போய்விடும். பிறந்த இரண்டு மூன்று நாளில் திட்டுத்திட்டாகச் சிவந்து நடுவில் சிறு கொப்புளம் வந்தால் பதற வேண்டாம், நிறையக் குழந்தைகளுக்கு வந்து வந்த வேகத்தில் மறையும். முதல் வாரங்களில் கை, கால் தோல் உரிவதும் அப்படித்தான். தலையில் மஞ்சள் செதில் படிந்திருந்தால் நகத்தால் பெயர்க்காமல், கொஞ்சம் எண்ணெயில் ஊறவைத்து மென்மையான பிரஷ்ஷால் நீவி அலசிவிடுங்கள். காதுக்குள் பட்ஸ் போகவே கூடாது. ஆண் குழந்தையின் முன்தோலைப் பின்னால் தள்ளிக் கழுவாதீர்கள். பெண் குழந்தையை முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும்.

டயபர் புண்ணுக்குத் தனிக் கதை உண்டு. பாதிப் புண் ஈரத்தால் வருவது, மீதிப் புண் நாம் தேய்ப்பதால் வருவது. அடிக்கடி மாற்றுங்கள், தண்ணீர் விட்டு அலசி ஒற்றுங்கள், கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள், துத்தநாக ஆக்சைடு களிம்பைத் தடிமனாகப் பூசுங்கள். அடுத்த முறை அந்தப் பூச்சை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. மலம் பட்ட மேற்பகுதியை மட்டும் எடுத்தால் போதும். வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்து மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு களிம்பை அங்கே தடவுவது ஆபத்து. டயபர் மூடியிருப்பதால் மருந்து இன்னும் அதிகமாக உள்ளே இறங்கும்.

இரண்டு மூன்று நாளில் குறையாத டயபர் புண், மடிப்புக்குள் அடர்சிவப்பும் அதைச் சுற்றிச் சிதறிய சிறு பொட்டுகளும் (பெரும்பாலும் பூஞ்சை), சீழ், நீர்க்கொப்புளம், தொப்புளைச் சுற்றிப் பரவும் சிவப்பு அல்லது நாற்றம் என்றால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் தோல் எப்படியிருந்தாலும் உடனே போங்கள். கிளம்பும்போது இதுவரை தடவிய எண்ணெய், களிம்பு, சோப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் என்னிடம் கேட்டபோது நான் நான்கைச் சொன்னேன். பையில் ஏழு இருந்தது.