குவாரிக் கிடங்கைத் திருத்தும் முன்: ஊரைக் கேட்பதில் நேரும் தவறுகள்

போர் முடிந்த 2009-க்குப் பிறகு, இலங்கையின் வடக்கே வன்னியில் கல்லுக்கும் கிரவலுக்கும் (சரளை மண்ணுக்கும்) பெரும் தேவை எழுந்தது. ஏ-9 வீதி, உள்வீதிகள், மீள்குடியேறியவர்களின் வீடுகள் எல்லாவற்றுக்கும் அவை வேண்டியிருந்தன. வவுனியாப் பக்கத்துக் கருங்கற்பாறைகளில் வெடி வைத்தார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் கிரவல் அகழ்ந்தார்கள். எடுக்க வேண்டியதை எடுத்து முடித்ததும் டிப்பர்கள் போய்விட்டன. தோண்டிய கிடங்குகள் மட்டும் ஊரோடு தங்கிவிட்டன. அவற்றைக் குளமாக்கலாம், மீன் வளர்க்கலாம், மரம் நடலாம், பூங்கா அமைக்கலாம் என்று இப்போது பல யோசனைகள் வருகின்றன. எல்லாம் நல்ல யோசனைகள்தாம். ஆனால் கிடங்கோடு வாழ்ந்த சனங்களிடம் அவற்றைக் கேட்கும் முறையில்தான் பிழை விடுகிறோம்.

எல்லாவற்றுக்கும் முதற்பிழை, முடிவெடுத்த பிறகு கேட்பது. பொதுநோக்கு மண்டபத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். சுவரில் வண்ண வரைபடம் தொங்கியது. அதிலிருந்த எழுத்தெல்லாம் ஆங்கிலம். முக்கால் மணி நேரம் விளக்கம் சொன்னார்கள். இடையில் ஒரு தாள் கைமாறி வந்தது, பெயர் எழுதிக் கையொப்பம் வைத்தோம். பிறகு தேநீரும் பணிசும் தந்தார்கள். மூன்று மாதம் கழித்துத் திட்ட அறிக்கையைப் பார்த்தபோது அந்தத் தாள் பின்னிணைப்பாக இருந்தது. அதன் தலைப்பு, ‘பொதுமக்களின் ஒப்புதல்’. எனக்கு முன்வரிசையில் இருந்து கையொப்பம் வைத்த அம்மா, வந்ததற்குப் பதிவு என்று நினைத்துத்தான் வைத்திருந்தார். அந்த ஊரில் இனி எந்தத் தாள் நீட்டப்பட்டாலும் அவர் கை பின்வாங்கும். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது.

ஆகவே வருகைப் பதிவு வேறு, ஒப்புதல் வேறு என்று இரண்டு தாள்களாக வையுங்கள். எதற்கான கையொப்பம் என்பதை ஒவ்வொன்றின் தலையிலும் தமிழில் எழுதுங்கள். முதற்கூட்டத்துக்கு முடிந்த வரைபடத்தைக் கொண்டு போகாதீர்கள். கிடங்கின் எல்லையும் வீதியும் வாய்க்காலும் மட்டும் கீறிய பெரிய தாள் ஒன்று போதும். மீதியை ஊர் நிரப்பட்டும்.

அந்தக் கூட்டத்தையும் மண்டபத்தில் வைக்காமல் கிடங்கின் விளிம்பில் வையுங்கள். ஒருமுறை மட்டும் போய் நின்றால் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வன்னி உலர்வலயம், மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்த்துவிடும். ஆவணியில் வந்து பார்ப்பவருக்குக் கிடங்கு வெறும் பாறைத்தளம். விளையாட்டுத் திடல் அமைக்கலாம் என்று தோன்றும். அதே இடத்தில் மார்கழியில் ஆளை மூடும் தண்ணீர் நிற்கும். திட்டக்காரர்கள் வருவது பெரும்பாலும் பாதை காய்ந்திருக்கும் மாதங்களில்தான். அதனால் அவர்கள் வரைவது பாதிக் கிடங்கை மட்டுமே.

ஆடு மேய்க்கும் ஒரு மூதாட்டியுடன் அப்படியொரு கிடங்கைச் சுற்றி நடந்திருக்கிறேன். கிழக்குப் பக்கப் பாறையில் முழங்கால் உயரத்தில் ஒரு வெடிப்பு. பார்வைக்கு அது ஒரு கறுத்த கோடு, அவ்வளவுதான். உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். ஈரமாக இருந்தது. சித்திரை வெயிலிலும் அந்தக் கசிவு நிற்பதில்லை என்றும், அவருடைய ஆடுகள் அடியிலுள்ள குழிவில்தான் நீர் குடிக்கின்றன என்றும் சொன்னார். கருங்கற்பாறையில் நிலத்தடி நீர் இப்படியான வெடிப்புகளிலும் மேலேயுள்ள சிதைந்த படையிலும்தான் தங்கும். அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்பது பக்கத்துக் கிணறுகளுக்கு உயிர்ப்பிரச்சினை. திட்டக்காரர்கள் அந்தக் கிடங்குக்கு வரைந்த படத்தில் அந்த இடம் வாகனத் தரிப்பிடமாக இருந்தது.

நுளம்பைப் பற்றியும் அங்கே நின்றே கேளுங்கள். இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அறிவித்தது. அதற்கு முந்திய காய்ச்சல் காலங்களை வன்னியின் மூத்தவர்கள் மறக்கவில்லை. நீர் தேங்கிய குவாரிக் குழிகளும் மலேரியா நுளம்பு பெருகும் இடங்கள்தாம். எந்தக் குழியில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கிறது என்று அவர்கள் சொல்வதைக் குறித்து வைத்தால், எதை நிரப்ப வேண்டும், எதில் மீன் விடலாம் என்பதில் பாதி தெளிந்துவிடும்.

யாரை அழைப்பது என்பதில் நடக்கும் பிழைதான் என்னை அதிகம் வருத்துவது. வழக்கமாகக் கமக்காரர் அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கோயில் நிர்வாகம் ஆகியவற்றுக்குக் கடிதம் போகும். அதில் தவறில்லை. ஆனால் குவாரியில் கல்லுடைத்தவர்கள் இந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறார்கள்? தமிழருக்கு எதிரான 1977 வன்செயலையும் அதற்கு முன்பின்னான காலத்தையும் தொடர்ந்து மலையகத்திலிருந்து வந்து வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்கள் பல. அவர்களில் காணி உறுதியில்லாதவர்கள் பலர் நாட்கூலிக்குப் போனார்கள், கல்லும் உடைத்தார்கள். வயல் இல்லாதவரைக் கமக்காரர் அமைப்பின் கடிதம் தேடிப் போகாது. வெடித்துளை வெடிக்காமல் போன இடம், மேலே ஆடிக்கொண்டிருக்கும் பாறை, மண் போட்டு மூடிய பள்ளம் எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எந்தப் பொறியியலாளரும் இதை ஒரு நாளில் கண்டுபிடிக்க முடியாது. அவர்கள் வீடு தேடிப் போங்கள். ஒரு நாள் கூலியை இழந்து வருகிறவர்களுக்கு அந்தக் கூலியைக் கொடுங்கள்; அது சலுகை அல்ல, அறிவுக்கான ஊதியம்.

நாளும் நேரமும் பார்க்க வேண்டும். விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் கூட்டம் வைத்துவிட்டு மக்களுக்கு அக்கறையில்லை என்று எழுதுவது அநியாயம். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்ட் 15-இல் மடுத் திருவிழா. அந்த நாட்களை ஒட்டியும் வேண்டாம். தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் வன்னியில் நிறையப் பேர். காலை பத்து மணி அவர்களுக்கு வேலை நேரம்.

அடுத்த பிழை, அச்சத்தை வதந்தி என்று தள்ளிவிடுவது. பழைய குவாரி என்றதும் ‘குப்பை கொட்டப் போகிறார்களா?’ என்று யாராவது கேட்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. 2017 ஏப்ரல் 14-ஆம் திகதி மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, கொழும்பின் குப்பையைப் புத்தளம் மாவட்டத்து அருவக்காட்டின் கைவிடப்பட்ட சுண்ணக்கல் குவாரிக்குக் கொண்டு போனார்கள். புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் எதிர்த்தும் அது நிற்கவில்லை. மன்னார் மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டத்தில் நடந்தது இது. எனவே அந்தக் கேள்வி வரும் முன்பே, எவை செய்யப்படமாட்டா என்பதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

கிடங்கு யாருடையது என்பதையும் மறைக்க வேண்டாம். அரச காணியா, வனவளத் திணைக்களத்தின் எல்லைக்குள் வருகிறதா, தனியார் காணியா என்று தெரியாமல் நடக்கும் பேச்செல்லாம் வீண். 1992-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சட்டப்படி அகழ்வு அனுமதியை வழங்குவது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். அகழ்ந்த இடத்தை மீளச் சீர்செய்யும் கடமை அனுமதி பெற்றவருக்கு உண்டா, அது நிறைவேற்றப்பட்டதா என்று அனுமதிப்பத்திரத்தைப் பார்த்தால் தெரியும். அதைக் காட்டாவிட்டால் 2016-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பிறர் வெட்டிய கிடங்கை ஊர் தன் செலவில் நிரப்ப வேண்டியதில்லை.

பெரிய கனவுகளைக் காட்டும்போது பராமரிப்பையும் சொல்லுங்கள். கனடாவின் விக்டோரியா நகருக்கு அருகே ஒரு சுண்ணக்கல் குவாரி நூறாண்டுகளுக்கு மேலாகப் பூந்தோட்டமாக இருப்பது உண்மை. அங்கே நுழைவுக் கட்டணமும் முழுநேரத் தோட்டக்காரர்களும் உண்டு. நம் பிரதேச சபையால் எத்தனை பேரை நிறுத்த முடியும் என்று அதே கூட்டத்தில் கேட்டுவிட வேண்டும்.

சொன்ன கருத்துகளுக்கு என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து சொல்லாதது இன்னொரு பிழை. ஏற்றவை, ஏற்காதவை, ஏற்காததன் காரணம் மூன்றையும் ஒரே தாளில் எழுதிச் சனசமூக நிலையத்திலும் சந்திக் கடையிலும் ஒட்டுங்கள்.

இவையெல்லாம் முடிய ஓரிரு ஆண்டுகள் ஆகும். கிடங்கு அதுவரை காத்திருக்காது. அடுத்த ஐப்பசியிலேயே நிரம்பிவிடும். நிரம்பிய கிடங்குகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. திட்டம் வரட்டும் என்று வேலியைத் தள்ளிப்போடுவதுதான் மன்னிக்கவே முடியாத தவறு. முதல் மழைக்கு முன்னே முட்கம்பி அடியுங்கள். அடிப்பதற்கு முன் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம், எந்தப் பொட்டால் (இடைவெளியால்) நுழைகிறார்கள், எந்தப் பக்கம் இறங்கிக் குளிக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவார்கள்.