நான்காம் முறை குடியை நிறுத்தும் முன்

என் தம்பி மூன்று முறை குடியை நிறுத்தி மறுபடி தொடங்கியவன். முதல் முறை வியர்வை, கைநடுக்கம், அவ்வளவுதான். இரண்டாம் முறை மூன்று ராத்திரி தூங்கவில்லை. மூன்றாம் முறை முன்பைவிடக் குறைவாகத்தான் குடித்துக்கொண்டிருந்தான். அந்தத் தைரியத்தில் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டோம். மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் வலிப்பு வந்து விழுந்தான்.

"இதற்கு முன்னால் நிறுத்தியிருக்கிறாரா?" என்று டாக்டர் கேட்டார். வெட்கத்தில் "இல்லை" என்றேன். அந்தப் பொய்யை நீங்கள் சொல்லிவிடக் கூடாது.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை முறை நிறுத்தினார், அப்போது தினம் எவ்வளவு குடித்தார், எத்தனையாவது மணி நேரத்தில் என்ன வந்தது, வலிப்பு உண்டா, பிதற்றினாரா. காய்ச்சலில் படுத்தோ, ஆபரேஷனுக்காகவோ குடி தானாக நின்ற நாட்களும் கணக்கில் சேரும். மூளைக்கு எல்லாமே நிறுத்தம்தான்.

இரைச்சலில் கத்திப் பேசிப் பழகியவர், இரைச்சல் அடங்கிய பிறகும் கத்துவார் இல்லையா? மது மூளையை அமுக்குகிறது. மூளையோ அதை மீறி வேலை செய்ய, அமைதிப்படுத்தும் காபா என்ற மூளை ரசாயனத்துக்குக் காதைப் பாதி மூடிக்கொண்டு, கிளறிவிடும் குளூட்டமேட் என்ற ரசாயனத்துக்கு அகலத் திறக்கிறது. மது சட்டென்று நின்றால் அந்தக் கிளர்ச்சி மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு தழும்பை விட்டுப்போவதால், அடுத்த முறை வலிப்புக்குச் சிறு தூண்டல் போதும். 1969-இல் கொடார்ட் என்ற ஆய்வாளர் எலிகளின் மூளையில் தினமும் மெல்லிய மின்தூண்டல் கொடுத்துப் பார்த்தார். முதலில் ஒன்றும் ஆகவில்லை. நாளாக ஆக அதே அளவுக்கே வலிப்பு வந்தது. சுள்ளி பற்றுவதுபோல என்பதால் இதற்குக் 'கிண்ட்லிங்' என்று பெயர். 1978-இல் பாலஞ்சரும் போஸ்ட்டும் இதைக் குடி நிறுத்தத்தோடு இணைத்தார்கள். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனாலும் போன முறை தப்பித்ததை நம்பி இந்த முறை இறங்காதீர்கள்.

தினமும் குடிப்பவர், அதுவும் முன்பு வலிப்பு வந்தவர், தானாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது. குடித்துக்கொண்டிருக்கும்போதே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மூளையை அமைதிப்படுத்தும் பென்சோடயசெபைன் வகை மாத்திரையைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், தயமின் என்ற வைட்டமின் பி1-ஐயும் சேர்ப்பார்கள். அந்த மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மதுவோடு சேர்ந்தால் மூச்சே நிற்கலாம். சாதாரண வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் இந்த வலிப்பைத் தடுப்பதில்லை.

வலிப்பு பெரும்பாலும் கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அப்போது தனியாக விடாதீர்கள். வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு நேரத்தைக் குறியுங்கள். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் குழப்பம், இல்லாதது தெரிவது, காய்ச்சல் என்று வந்தால் அது உயிருக்கே ஆபத்து.

நான்காம் முறை அந்தத் தாளோடு போனோம். டாக்டர் இரண்டு முறை படித்துவிட்டு, நடுக்கம் தொடங்குமுன்பே அவனை அட்மிட் செய்து மருந்தை ஆரம்பித்தார். தாளை கேஸ் ஷீட்டோடு சேர்த்துப் பின் அடித்துக்கொண்டார். வலிப்பு வரவில்லை.