ராத்திரி 3 மணிக்கு எங்கே உட்கார்ந்து பால் கொடுப்பீர்கள்?

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். வெளிநாட்டுக்கு வந்து நாலு மாதம், வயிற்றில் எட்டு மாதக் குழந்தை. "அக்கா, திரும்பவும் ஊரடங்கு மாதிரி ஏதாவது வந்தா நான் தனியா என்ன பண்ணுவேன்?" என்றாள். பதில் சொல்ல ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டேன். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தபோது எனக்கு ஐந்தாம் மாதம். பிரசவத்துக்கு அம்மா வருவதாக இருந்தது. டிக்கெட் ரத்தாகி, விமானமே நின்றுபோனது. ஜூலையில் பிரசவம். வீட்டில் நானும் அவரும் மட்டும்.

அரசாங்க வேலைகளை முதலில் முடித்துவிடுவோம். பிறப்புப் பதிவுக்கு எத்தனை நாள் கெடு என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டில் குழந்தையின் பெயரைச் சேர்ப்பதற்கும் கெடு உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். குழந்தை மருத்துவர் யார் என்பதைப் பிரசவத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். பாஸ்போர்ட், விசா அப்புறம். தொற்று எப்படி இருந்தாலும் தடுப்பூசித் தேதிகளைத் தள்ளிப்போடாதீர்கள். அவ்வளவுதான், இதெல்லாம் தானாக நடந்துவிடும்.

தானாக நடக்காதவை இரண்டு: பால், தூக்கம்.

பிரசவ நேரத்தில் உங்களுக்கே தொற்று இருந்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம் வரும். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2020 தொடக்கத்தில் சீன மருத்துவர்கள் தாயையும் சேயையும் 14 நாள் பிரித்து வைக்கச் சொன்னார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ஏப்ரலில் தற்காலிகமாகப் பிரிப்பதே பாதுகாப்பு என்றது. ஜூலையில் அதுவே மாற்றிக்கொண்டு, ஒரே அறையில் வைத்துக்கொள்ளலாம் என்றது. உலக சுகாதார நிறுவனமோ முதலிலிருந்தே சேர்ந்திருக்கத்தான் சொன்னது. தாய் மாஸ்க் போட்டுக்கொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நெஞ்சோடு அணைத்துப் பால் கொடுக்கலாம். குழந்தைக்கு மட்டும் மாஸ்க் கூடவே கூடாது. இரண்டு வயதுக்குள் மூச்சு முட்டிவிடும். யாராவது பிரிக்க வேண்டும் என்றால், "இப்போதைய வழிகாட்டுதல் என்ன, எழுத்தில் காட்டுங்கள்" என்று கேளுங்கள். புதிதாக வந்த நாட்டில் குரல் எழும்பாது, எனக்குத் தெரியும். இதற்கு எழுப்பத்தான் வேண்டும்.

உங்களுக்குக் காய்ச்சல் அடித்து எழுந்திருக்கவே முடியாவிட்டால் பம்பில் பாலை எடுத்து வேறொருவரைக் கொடுக்கச் சொல்லுங்கள். எடுத்த பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் தாங்கும். பவுடர் பால்தான் என்றால் அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம், கவனம்தான் வேண்டும். பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. அதனால் கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே போவதற்குள் கலக்க வேண்டும், பிறகு ஆறவைத்து, மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கடையில் டப்பா கிடைக்கவில்லை என்று தண்ணீரைக் கூட்டிக் கலக்கவே கலக்காதீர்கள். உடம்பில் உப்பு இறங்கி வலிப்பு வரைக்கும் போகும். பால் போதுமா என்பதை டயப்பரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்: ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு டயப்பர் நனைய வேண்டும். பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் மீட்டுவிட வேண்டும். தொற்றுக் காலத்தில் நர்ஸ்கள் போனிலேயே விசாரித்து முடித்துவிடுவார்கள். "தராசில் வைத்துப் பார்க்க வேண்டும், எப்போது வரட்டும்?" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இனி என் கதை.

குழந்தைக்குப் பதினெட்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல். பரிசோதனையில் தொற்று உறுதியானது. படுக்கையறையை அவருக்கு விட்டுவிட்டு நானும் குழந்தையும் கூடத்துக்கு வந்துவிட்டோம். குழந்தையின் கட்டிலை நகர்த்திக்கொண்டு வந்தேன். எனக்குச் சோபா. யோசிக்க நேரமில்லை, பத்து நிமிடத்தில் செய்த ஏற்பாடு.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் பெரிய எழுத்தில் இருந்தது: குழந்தையோடு ஒரே படுக்கையில் தூங்காதீர்கள். அம்மா போனில், "கண்ணு, பக்கத்துல போட்டுக்கிட்டுப் படு, நீயும் கொஞ்சம் தூங்கலாம்ல" என்றாள். நான் தாளின் பக்கம் நின்றேன். தூங்கிவிடுவேனோ என்ற பயத்தில் படுத்துப் பால் கொடுப்பதையே விட்டேன். சோபாவில் நேராக உட்கார்ந்துகொள்வேன், கொடுத்து முடித்ததும் கட்டிலில் போடுவேன். பத்திரமாகச் செய்கிறேன் என்றுதான் நம்பினேன்.

நான்காம் இரவு. எத்தனை மணிக்குக் கண் மூடியது என்று தெரியாது. மூடிய கதவுக்குப் பின்னால் அவர் இருமிய சத்தத்தில் விழித்தேன். மடியில் குழந்தை இல்லை. என் கைக்கும் சோபாவின் முதுகுக்கும் நடுவில் சரிந்து, முகம் மெத்தையில் புதைந்து கிடந்தான். வாரி எடுத்தேன். ஒரு கணம் சத்தமில்லை. அப்புறம் அழுதான். அந்த அழுகையை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

மறுநாள் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், சின்ன எழுத்தில்: சோபாவிலும் சாய்வு நாற்காலியிலும் குழந்தையோடு தூங்கிவிடுவது மிக மிக ஆபத்து, படுக்கையைவிடவும் ஆபத்து. இதை முன்பக்கம் போட்டால் என்ன? இரண்டு நாளுக்கு முன்னால்தான் ஒரு நர்ஸ் போனில் விசாரித்திருந்தார். "குழந்தை எங்கே தூங்குகிறது?" "தனிக் கட்டிலில்." "மிக நல்லது." கட்டத்தில் டிக் அடித்திருப்பார். ராத்திரி 3 மணிக்கு எங்கே உட்கார்ந்து பால் கொடுக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தொற்று இல்லாத காலமாக இருந்து வீட்டுக்கு வந்திருந்தால், அந்தச் சோபாவையும் அதன் மேல் மடித்து வைத்த போர்வையையும் பார்த்திருப்பார்.

ஆகவே, தங்கச்சி, உனக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன். குழந்தை தூங்க வேண்டிய இடம் தனிக் கட்டில், உங்கள் அறையிலேயே, குறைந்தது ஆறு மாதம். மல்லாக்க, கெட்டியான சமதளத்தில். தலையணை, தளர்ந்த போர்வை, பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம். உங்களுக்குத் தொற்று இருந்தால் அந்தக் கட்டிலை உங்கள் தலைமாட்டிலிருந்து சற்றுத் தள்ளிப் போடுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். கார் சீட்டிலும் சாய்ந்த இருக்கையிலும் தூங்கப் பழக்காதீர்கள்.

ஆனால் களைத்த உடம்பு எந்தத் தாளையும் படிக்காது. பால் கொடுக்கும்போது கண் அசரும் போலிருந்தால் சோபாவுக்கு ஓடாதீர்கள். தலையணையும் போர்வையும் அப்புறப்படுத்திய கெட்டியான படுக்கைக்குப் போங்கள். தெரியாமல் தூங்கிப்போனாலும் அங்கே ஆபத்து குறைவு. விழித்த உடனே குழந்தையை அதன் கட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2016-இல் இதை எழுதியிருக்கிறது. இது படுக்கையைப் பகிர்ந்துகொள்ள அனுமதி அல்ல. அதுவும் குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, வீட்டில் புகைப்பிடிப்பவர், குடித்திருப்பவர் என்றால் படுக்கையில் வைத்துத் தூங்கவே கூடாது. தொற்றுக் காலத்தில் இன்னொன்றும் சேர்கிறது: தூக்கம் வரவைக்கும் இருமல் மருந்து. ஜுரத்துக்கு பாரசிட்டமால் நீங்கள் போடலாம், பாலுக்குக் கெடுதல் இல்லை. தூக்க மருந்து கலந்தது எதுவும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் அடித்தால் மருந்து எதுவும் தேடாமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

வீட்டில் யாருக்காவது தொற்று வந்தால் யார் எந்த அறை என்பதை இப்போதே பேசி வையுங்கள். படுக்கை, தாயும் குழந்தையும் இருக்கும் அறையில் இருக்க வேண்டும். சோபா நோயாளிக்கு, அல்லது யாருக்குமே வேண்டாம். நாங்கள் அதை மறுநாளே மாற்றினோம். அவர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். நாங்கள் ஜன்னலைத் திறந்துவிட்டுப் படுக்கையறைக்குப் போனோம்.

அன்றைக்குத்தான் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "உனக்கு ராத்திரின்னா எனக்கு விடிஞ்சிருக்கும். பால் குடுக்கும்போதெல்லாம் போனைப் போடு" என்றாள். போனைக் கட்டிலோரம் சாய்த்து வைப்பேன். அவள் தன் பாட்டுக்கு வீட்டு வேலை செய்துகொண்டே பேசுவாள். என் பதில் நின்றால் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், இரண்டாம் முறை சத்தமாக. அவர் பரிசோதனையில் தேறி வெளியே வரும்வரை பதினோரு இரவு அப்படிக் காவல் இருந்தாள். உங்களுக்கும் நேரம் மாறி வாழும் ஒருவர் எங்காவது இருப்பார். வெட்கப்படாமல் இப்போதே கேட்டு வையுங்கள், போனைச் சாய்த்து வைக்க ஒரு தாங்கியும் வாங்கிவிடுங்கள்.